மாந்தோப்பில் இரண்டு பூங்கொத்திகள்: வெளிர் அலகா, தடித்த அலகா? புல்லுருவியைப் பரப்புவது எது?

மாந்தோப்பு மகன் (காவேரிப்பட்டணம்)

வணக்கம். எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் பெங்களூரா, மிச்சம் செந்தூராவும் நீலமும். வேலி ஓரத்துப் பழைய மரங்களில் புல்லுருவி ஏறிவிட்டது. இப்போது அதில் பழம் சிவந்து கிடக்கிறது, விடிந்ததிலிருந்து சின்னக் குருவிகள் 'சிக் சிக்' என்று கத்திக்கொண்டே வந்து போகின்றன. ஊரில் எல்லோரும் தேன்சிட்டு என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அலகு வளைந்து நீளமாக இல்லையே, அதனால் பூங்கொத்தி என்று நானே முடிவு செய்துகொண்டேன். உற்றுப் பார்த்தால் அதிலும் இரண்டு ரகம் தெரிகிறது. ஒன்று மிகச் சிறியது, அலகு வெளுத்த ரோஸ் நிறம். இன்னொன்று கொஞ்சம் தடி, அலகு மொத்தை, உட்கார்ந்தால் வாலைச் சும்மா வைத்திருக்காது. படம் மூன்று போட்டிருக்கிறேன், போன் கேமரா என்பதால் மன்னிக்கவும்.

கேள்வி இரண்டு. எது எது? அப்புறம், இந்தப் புல்லுருவியைத் தோப்பு முழுக்கப் பரப்புவது இரண்டில் யார்? சித்தப்பா கவண் எடுத்துக்கொண்டு நிற்கிறார், அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கெலமங்கலம் கேமரா

படம் 1 வெளிர் அலகுப் பூங்கொத்தி, சந்தேகமே இல்லை. படம் 2-ம் அதே தான் சார், அலகு வெளுப்பாகத்தானே தெரிகிறது. படம் 3 வெறும் இலை.

பாலக்கோடு டீச்சர்

படம் 2-ஐ இன்னொரு முறை பாருங்கள் தம்பி. அலகின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் இந்தக் குடும்பத்தில் கண்டிப்பாக இடறும். எதிர்வெயிலில் எல்லா அலகும் வெளுத்துத்தான் தெரியும். போதாததற்கு தடித்த அலகின் இளம் பறவைக்கு அலகின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், அதைப் பார்த்து வெளிர் அலகு என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

நிறத்தை விட்டுவிட்டு வடிவத்துக்கு வாருங்கள். வெளிர் அலகுக்கு அலகு மெல்லியது, லேசாகக் கீழே வளைந்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் தலையிலிருந்து கூராக இறங்கும். தடித்த அலகுக்குப் பெயரே சொல்லிவிடுகிறது, அடியில் நல்ல உயரம், குட்டை, ஏறக்குறைய சில்லைக்கு இருக்கும் அலகு, நிறம் சாம்பல் கலந்த நீலக்கருப்பு. படம் 2-ல் கண்ணுக்கும் அலகு நுனிக்கும் இடையே உள்ள தூரத்தோடு அலகின் உயரத்தை ஒப்பிட்டாலே போதும்.

அடுத்தது மார்பு. வெளிர் அலகுக்கு அடிப்பக்கம் கோடே இல்லாத வெளிர் சாம்பல், முதுகு ஆலிவ் கலந்த பழுப்பு, மொத்தத்தில் அலங்காரம் எதுவும் இல்லாத பறவை. தடித்த அலகுக்கு மார்பில் மங்கலான நெடுக்குக் கோடுகள் இருக்கும், தாடை ஓரத்தில் ஒரு அழுக்கு மீசை. கோடு தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, வெளிச்சம் ஏமாற்றும். ஆனால் தெரிந்துவிட்டால் கேள்வி முடிந்தது. வளர்ந்த தடித்த அலகின் கண்ணில் செம்மை இருக்கும், வெளிர் அலகின் கண் கரும்பழுப்பு. வாலை விரிக்கும்போது அடியில் ஓர இறகுகளின் நுனியில் வெள்ளை தெரிந்தால் அதுவும் தடித்த அலகுதான்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த அடையாளம் நீங்களே எழுதிவிட்டீர்கள். வாலைச் சும்மா வைக்காது என்றீர்கள் இல்லையா, அது பக்கவாட்டில் ஆட்டியதா, மேலும் கீழுமா?

மாந்தோப்பு மகன்

பக்கவாட்டில்தான் டீச்சர். இடது வலது என்று, ஒருவித வெட்டு வெட்டி ஆட்டும். பழம் தின்னும்போதும் நிறுத்தாது.

பாலக்கோடு டீச்சர்

அப்போது படம் 2 தடித்த அலகு. வெளிர் அலகு ஓயாமல் இங்கும் அங்கும் தாவும், ஆனால் அந்த வாலாட்டு அதற்குக் கிடையாது.

கெலமங்கலம் கேமரா

ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை டீச்சர். வாலை எல்லாப் பறவையும்தான் ஆட்டும். படத்தில் வாலாட்டு தெரியாது, படத்தில் தெரிவது வெளுத்த அலகு. ஓசூர் ஏரிக்கரையில் நான் எடுத்த படங்களில் வெளிர் அலகு இப்படித்தான் இருக்கும்.

600மிமீ (தேன்கனிக்கோட்டை)

கேமரா அண்ணா, நீங்கள் சொல்லும் ஏரிக்கரைப் படங்களை இதே தளத்தில் பார்த்திருக்கிறேன், அவை சுத்தமான வெளிர் அலகு. அவற்றையும் இந்தப் படம் 2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழ்த் தாடையின் அடிக்கோடு இதில் மேலே ஏறி வந்து நுனியைத் தொடுகிறது, மொத்தையாக. உங்கள் படத்தில் மேலும் கீழும் சேர்ந்து வளைகின்றன. இன்னொன்று, மாங்கிளைக் காம்பை அளவாக வைத்துப் பார்த்தால் படம் 1-ல் உள்ளது எட்டு சென்டிமீட்டர்தான் தேறும். இந்தியாவில் இருக்கிற மிகச் சிறிய பறவைகளில் ஒன்று அது, எடை ஐந்தாறு கிராம். படம் 2-ல் உள்ளது பத்துக்குப் பக்கத்தில். படத்தில் அளவு பார்ப்பதை நான் பொதுவாக நம்ப மாட்டேன், ஆனால் இரண்டும் ஒரே கொத்தில், ஒரே தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது நம்பலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. வெளிர் அலகைத்தான் பழைய புத்தகங்கள் டிக்கெல் பூங்கொத்தி என்று எழுதின, இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை முதலில் விவரித்தது பறவையியலாளர் லேத்தம், 1790-ல். டிக்கெல் விவரித்தது தடித்த அலகை, 1833-ல். பழைய குறிப்பேடுகளில் டிக்கெல் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது சின்னது.

பர்கூர் விவசாயி

எல்லாம் சரி. ரெண்டு குருவிக்கும் அலகு எப்படி இருந்தால் எனக்கென்ன? எங்கள் தோப்பில் புல்லுருவி ஏறின மரம் காய்ப்பு விட்டுப்போச்சு. புல்லுருவி ஒட்டி முட்டு கட்டின, அதாவது கிளை வீங்கின, இடத்துக்கு மேல் கிளை காய்ந்து நிற்கிறது. ஆள் விட்டு வெட்டலாம் என்றால் மரம் ஏறுகிற ஆளே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது, பெங்களூரா விலை போகிற போக்கில் கூழ் ஆலைக்கு ஏற்றின கணக்கில் கையில் நிற்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் ஒரு இடத்தில் கேட்டதற்கு மருந்து அடிங்க போயிடும் என்று ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்பினார்கள். புல்லுருவி இலை உதிர்ந்தது, கூடவே மாவிலையும் கருகியது, இரண்டு மாசத்தில் புல்லுருவி மட்டும் திரும்பத் துளிர்த்தது. குருவி வராமல் பண்ண வழி இருந்தால் சொல்லுங்க, இல்லையென்றால் சித்தப்பா கவண் எடுத்தது தப்பே இல்லை.

பாலக்கோடு டீச்சர்

பர்கூர் அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அலகு எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் தோப்புக் கணக்கையும் தீர்மானிக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

நம் பக்கத்து மாமரங்களில் அதிகம் வருவது டெண்ட்ரோப்தே ஃபால்கேட்டா என்கிற புல்லுருவி. பழைய பெயர் லோரான்தஸ் லாங்கிஃப்ளோரஸ். பச்சை இலை உண்டு, தன் உணவைத் தானே செய்துகொள்ளும், ஆனால் தண்ணீரையும் உப்புகளையும் மாமரத்திடமிருந்து உறிஞ்சும். அதன் பழத்துக்குள் ஒரே விதை, விதையைச் சுற்றி ஒரு பசை. பலாப்பிசின் கையில் பட்ட மாதிரி, உதறினால் போகாது. இந்த விதை மண்ணில் விழுந்தால் வீண். உயிருள்ள கிளையில் யாராவது கொண்டுபோய் ஒட்ட வேண்டும். அந்த வேலையைத்தான் இந்த இரண்டு பேரும் செய்கிறார்கள், ஆனால் செய்கிற விதம் வேறு.

வெளிர் அலகு பழத்தைப் பறித்து அப்படியே விழுங்கிவிடும். அது இருக்கிற அளவுக்கு அந்தப் பழம் பெரிய கவளம், கழுத்து ஒரு நிமிடம் புடைத்துத் தெரியும். சில நிமிடங்களில் விதை மறுபக்கம் வந்துவிடும், சதை மட்டும்தான் செரித்திருக்கும், பசை அப்படியே இருக்கும். விதை தானாக விழாது, பின்பக்கத்தில் நூல் இழுத்துக்கொண்டு தொங்கும். அதைக் கழற்ற அந்தக் குருவி கிளை மேல் உடம்பைக் குறுக்காகத் திருப்பி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, இப்படியும் அப்படியும் தேய்க்கும். தேய்த்த இடத்தில் விதை ஒட்டிக்கொள்ளும். சில சமயம் இரண்டு மூன்று விதைகள் ஒரே இழையில் சரமாகக் கிளையின் அடியில் தொங்குவதைப் பார்க்கலாம், உங்கள் தோப்பிலேயே தேடினால் கிடைக்கும்.

தடித்த அலகு முழுப் பழத்தை விழுங்காது. அந்த மொத்தை அலகின் நுனியில் பழத்தைப் பிடித்து உருட்டும், தோல் கிழிந்து விழும், சதையை நசுக்கித் தின்னும், கடைசியில் அலகில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருக்கிற கிளையிலேயே அலகை இடமும் வலமுமாகத் தீட்டித் துடைத்துவிட்டு அடுத்த பழத்துக்குப் போய்விடும். ஆக அது விதைப்பது பெரும்பாலும் அதே மரத்தில், பல சமயம் அதே கிளையில்.

இதையெல்லாம் சாலிம் அலி 1931-லேயே கொங்கணத்தில் பார்த்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதியிருக்கிறார். தேன்சிட்டும் பூங்கொத்தியும் இந்தப் புல்லுருவியோடு நடத்துகிற வியாபாரம்தான் அந்தக் கட்டுரையின் பொருளே.

மாந்தோப்பு மகன்

டீச்சர் இது எனக்குப் புதுசு. அப்படியானால் வேலி ஓரத்து மரத்திலிருந்து நடுத்தோப்புக்குக் கொண்டுவந்தது அந்தச் சின்னதுதானா? பக்கத்துக் காட்டுக்காரர் மரங்களிலிருந்து எங்களுக்கு வந்ததும் அப்படித்தானா?

600மிமீ

டீச்சர் சொன்னது சரிதான், ஆனால் 'சின்னது தூரம் கொண்டுபோகும், பெரியது அங்கேயே போடும்' என்று இரண்டாகப் பிரித்து நிறுத்திவிட முடியாது என்று நினைக்கிறேன். வயிற்றில் விதை இருப்பதே சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் வெளிர் அலகு எங்கே போகும்? அடுத்த புல்லுருவிக்கு. பழம் இருக்கிற இடம்தானே அதற்கு வேண்டும். அதனால் புல்லுருவி ஏற்கெனவே இருக்கிற மரத்தில்தான் இன்னும் விதை விழும், சுத்தமான மரத்தில் எப்போதாவது. எங்கள் பக்கம் தளி ரோட்டில் பாருங்கள், ஒரு மரத்தில் ஆறேழு கொத்து தொங்கும், பக்கத்து மரத்தில் ஒன்றும் இருக்காது. காற்றில் பரவியிருந்தால் இப்படி இருக்காது.

பாலக்கோடு டீச்சர்

அதை நான் மறுக்கவில்லை. புதிய மரத்தில் முதல் கொத்து எப்படி வந்தது என்று கேட்டால் பந்தயம் வெளிர் அலகு மேல்தான் கட்டுவேன், வந்த மரத்தில் பத்தாகப் பெருகுவதற்கு இரண்டு பேரும் காரணம். எதில் ஒட்டினாலும் இந்த விதை முளைவிட்டுவிடும், மின்கம்பி மேல் ஒட்டினாலும் பச்சையாக நுனி நீட்டும், பிழைப்பது உயிருள்ள கிளையில் மட்டும்.

பர்கூர் விவசாயி

சரி, புரிகிறது. அப்போ சின்னதை விரட்டினால் போதும் என்கிறீர்களா?

பாலக்கோடு டீச்சர்

யாரையும் விரட்ட முடியாது அண்ணா. ஐந்து கிராம் குருவி, மா இலை நிறத்திலேயே இருக்கிறது, உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கவணால் அடிப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒன்றை அடித்தால் அடுத்த பத்து வரும், ஏனென்றால் பழம் அங்கே தொங்குகிறது. பழம் இல்லையென்றால் குருவிக்கு அங்கே வேலை குறைவு. வெட்ட வேண்டியது கொத்தை.

பச்சையாகத் தெரிவதை மட்டும் ஒடித்துப் போட்டால் துளிர்க்கும், நீங்கள் மருந்தடித்து இலை உதிர்ந்த பிறகு துளிர்த்ததும் அதனால்தான். அதன் வேர் மாங்கிளைக்குள் இறங்கியிருக்கும், போதாததற்கு கிளை மேலேயே ஓடும் வேர்கள் விட்டுப் பக்கத்தில் இன்னொரு இடத்தில் மறுபடி உள்ளே இறங்கும். முட்டு கட்டின இடத்துக்குக் கீழே ஒரு அடியாவது விட்டு, நல்ல கட்டையில் வெட்ட வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) தடவுங்கள். பெரிய கொம்பில் ஏறியிருந்தால் கொம்பையே இழக்க மனசு வராது, அப்போது கொத்தை அவ்வப்போது பழம் பிடிக்கும் முன்பே கழித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஒழியாது, ஆனால் பரவாது.

எப்போது வெட்டுவது என்றால், காய் இறக்கி முடித்து ஆடி ஆவணியில் கவாத்து செய்வீர்கள் இல்லையா, அதோடு சேர்த்துச் செய்தால் தனிக் கூலி இல்லை. பனிக்காலத்தில் அது பூத்துப் பழம் விடும் முன் வேலை முடிந்திருக்கும். எல்லா மரத்துக்கும் ஒரே வருஷத்தில் ஆள் விட முடியாவிட்டால் அதிகம் ஏறியிருக்கிற மரத்தில் தொடங்குங்கள், குருவி கூடுகிற இடம் அதுதான். 600மிமீ சொன்னதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

பர்கூர் விவசாயி

ஒரு அடி கீழே என்பது யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் கொக்கி போட்டு ஒடிப்பதுதான் வழக்கம். பக்கத்துத் தோப்புக்காரர் வெளியூரில் இருக்கிறார், அவர் மரம் முழுக்க இது, அதற்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கே தெரியும், அவரிடம்தான் பேச வேண்டும்.

புதுசு தருமபுரி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தோப்பு எல்லாம் இல்லை, தருமபுரி டவுனில் வாடகை வீடு. எதிரே பள்ளிக்கூடச் சுவர் ஓரம் சர்க்கரைப் பழ மரம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் பொறுக்கித் தின்னும் சின்னச் சிவப்புப் பழம், தேன்பழம் என்றும் சொல்வார்கள். அதிலும் இந்தச் 'சிக் சிக்' கேட்கிறது. டவுனுக்குள் எது வரும்?

600மிமீ

அது பெரும்பாலும் வெளிர் அலகு. சர்க்கரைப் பழ மரம் என்றால் அதற்கு உயிர். புல்லுருவி இல்லாத டவுன் தெருவில்கூட அந்த ஒரு மரத்தை நம்பி இருந்துவிடும். பழத்தின் ஓரத்தில் சின்னதாக ஓட்டை போட்டு உறிஞ்சியிருப்பதைப் பாருங்கள், வௌவால் கடித்தது போல் பாதியாக இருக்காது. காலையில் ஏழு மணிக்குள் நின்றால் தலைக்கு மேலேயே இருக்கும், பைனாகுலர் தேவைப்படாது. அங்கே பழகிவிட்டு அப்புறம் காட்டுக்குப் போனால் தடித்த அலகு கண்ணில் பட்டவுடனே 'இது வேறு' என்று தெரிந்துவிடும். ஒன்றை நன்றாகப் பார்த்து வைத்திருப்பதுதான் இன்னொன்றை அடையாளம் காண ஒரே வழி, கையேட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பென்னாகரத்தான்

காட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஒகேனக்கல் பக்கம் ஆற்றோரத்தில் நீர்மருதும் அத்தியும் ஆலும் கலந்து நிற்கிற இடங்களில் இரண்டும் இருக்கின்றன, ஆனால் அத்தி பழுத்திருக்கும்போது நான் முதலில் எதிர்பார்ப்பது தடித்த அலகைத்தான். உச்சியிலேயே இருக்கும், கழுத்து வலிக்கும். தனியாக வரும், சில நேரம் நாலைந்து சேர்ந்து வரும். குரல் இரண்டுக்கும் 'சிக்' வகைதான், தடித்த அலகு இடையில் ஒரு கடகடப்பு சேர்க்கும், வெளிர் அலகு விடாமல் ஒரே தட்டில் தட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் குரலை மட்டும் கேட்டு நான் பட்டியலில் ஏற்ற மாட்டேன்.

காவிரி வடக்கு வனவுயிர் சரணாலயம் 2014-ல் வந்தது, தெற்கு 2022-ல். இரண்டும் சேர்ந்தால் நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். யானைக்கும் சாம்பல் அணிலுக்கும் போகிற பேச்சில் நூற்றில் ஒரு பங்காவது இந்த மாதிரிச் சின்னதுகளுக்குப் போகலாம், அந்த ஆதங்கம் எனக்கு உண்டு. அஞ்செட்டிக் காட்டில் பூங்கொத்தி எத்தனை வகை என்று கேட்டால் வழிகாட்டி என்று வருகிறவருக்கே தெரிவதில்லை.

கெலமங்கலம் கேமரா

உச்சியில் இருப்பதுதான் பிரச்சினை. அடிவயிறு மட்டும்தான் படத்தில் வருகிறது. தடித்த அலகின் கண் சிவப்பு என்கிறீர்கள், எனக்கு இதுவரை ஒரு படத்தில்கூடக் கண் நிறம் விழவில்லை.

பென்னாகரத்தான்

அடிவயிறு கிடைத்தால் நல்லதுதானே அண்ணா, மார்புக் கோடும் வால் நுனி வெள்ளையும் அங்கேதான் இருக்கின்றன.

இலையும் புழுவும் (கிருஷ்ணகிரி)

எல்லோரும் புல்லுருவியை எதிரியாகவே பேசுகிறீர்கள், அதற்காக வந்தேன். இந்த டெண்ட்ரோப்தேயின் இலையில்தான் டீலியாஸ் யூக்காரிஸ் என்கிற பட்டாம்பூச்சி முட்டையிடும். இறக்கையின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புப் பொட்டும் உள்ள அழகான பூச்சி, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முட்டைகளை வரிசையாகக் கூட்டமாக இடும், புழுக்களும் கூட்டமாகவே தின்னும். புல்லுருவி மொத்தமாகப் போனால் அதுவும் போகும்.

பூவையும் பாருங்கள். நீளக் குழல், ஆரஞ்சு நிறம், முதிர்ந்த மொட்டு தானாக விரியாமல் காத்திருக்கும். தேன்சிட்டோ பூங்கொத்தியோ வந்து நுனியை அலகால் அழுத்தினால் பட்டென்று வெடித்துத் திறக்கும், மகரந்தம் குருவியின் நெற்றியில் அப்பிக்கொள்ளும். நீலகிரிப் புல்லுருவிகளைப் பற்றி சூழலியலாளர் பிரியா தாவிதார் 1983-ல் எழுதியது இன்னும் சுவாரசியம். சில புல்லுருவிகளில் முதிர்ந்த மொட்டும் பழுத்த பழமும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், பூங்கொத்தி பழத்தைக் கையாளுகிற அதே பழக்கத்தில் மொட்டையும் அழுத்தும், பூ திறந்துவிடும். ஒரே குருவியை மகரந்தத்துக்கும் விதைக்கும் வேலை வாங்குகிற செடி.

பர்கூர் விவசாயி

பட்டாம்பூச்சிக்கு வேலி ஓரத்து வேம்பில் ஒரு கொத்து விட்டுவிடுகிறேன், மாமரத்தில் விட மாட்டேன். திருப்தியா?

இலையும் புழுவும்

நூறு சதவீதம் திருப்தி அண்ணா. ஆனால் அந்த வேம்பு மாமரத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். இந்தப் புல்லுருவிக்கு வேம்பும் ஒன்றுதான், மாவும் ஒன்றுதான்.

மாந்தோப்பு மகன்

இன்று காலை ஏணி போட்டு வேலி ஓரத்து மரத்தைப் பார்த்தேன். டீச்சர் சொன்ன சரம் இருக்கிறது, கிளையின் அடிப்பக்கம், மூன்று விதைகள் ஒரே இழையில், ஒன்று முளை நீட்டிவிட்டது. மேல் கிளையில் தனித்தனியாக ஒட்டிய விதைகளும் உண்டு, அங்கே தரையில் உரித்த தோல் சிதறிக் கிடக்கிறது. ஆக ஒரே மரத்தில் இரண்டு பேரின் கைவேலையும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். அதே மரத்தில் கையெட்டும் உயரத்துக்குச் சற்று மேலே சின்னப் பை மாதிரி ஒரு கூடு தொங்குகிறது. பழுப்பு, கொஞ்சம் செம்மை, பஞ்சு அழுத்தி வைத்தது மாதிரி மிருதுவாக இருக்கிறது, பக்கத்தில் பிளவாக வாசல். இது யாருடையது? தொடவில்லை, ஏணியை எடுத்துவிட்டேன்.

பாலக்கோடு டீச்சர்

தொடாதது நல்லது. தேன்சிட்டுக் கூடு என்றால் வெளியே குப்பை, பட்டைத் துணுக்கு, புழு எச்சம் என்று அலங்கோலமாக ஒட்டித் தொங்கும், வாசலுக்கு மேலே ஒரு கூரை மாதிரி நீட்டல் இருக்கும். நீங்கள் சொல்வது பூங்கொத்திக் கூடு. தாவர நாரையும் பஞ்சையும் சிலந்தி நூலால் பின்னியிருக்கும், கையில் எடுத்தால் கம்பளித் துணி. இரண்டு பூங்கொத்திகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் கட்டும், வெறும் கூட்டை வைத்து நான் சொல்ல மாட்டேன். முட்டை மட்டும் வேறு வேறு. வெளிர் அலகின் முட்டை கலப்பில்லாத வெள்ளை, தடித்த அலகின் முட்டை இளஞ்சிவப்பில் செம்பழுப்புப் புள்ளிகள். அதற்காக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம், கூட்டுக்கு வருகிறது எது என்று தள்ளி உட்கார்ந்து பார்த்தால் போதும்.

அந்தக் கிளையைக் குஞ்சு பறக்கும் வரை வெட்டாதீர்கள். காய் இறக்கும் வேலை முடிவதற்குள் அவர்கள் வேலையும் முடிந்துவிடும்.

மாந்தோப்பு மகன்

சரி டீச்சர். சித்தப்பாவுக்குச் சரத்தைக் காட்டினேன். கவணை மாட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டார், ஆனால் குருவியே செடி நடுகிறது என்பதை அவர் இன்னும் நம்பவில்லை, அவர் கணக்குப்படி அது மரத்தின் வியாதி. ஆடியில் ஆள் சொல்லியிருக்கிறேன், முதலில் வேலி ஓரத்து நாலு மரம், ஒரு அடி கீழே விட்டு. கூட்டுக்கு வந்தது வாலை ஆட்டவில்லை, அலகு மெலிது, அதனால் சின்னது என்று நினைக்கிறேன். புதுப் படம் இரண்டு இணைத்திருக்கிறேன், படம் 4, படம் 5.

கெலமங்கலம் கேமரா

படம் 5 வெளிர் அலகு, இந்த முறை டீச்சரும் சரி என்பார். கூட்டு வாசலில் தலை உள்ளே, வால் வெளியே, நல்ல படம். படம் 2-க்கு மட்டும் வீடியோ ஒன்று போடுங்கள் தம்பி, வாலாட்டைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

600மிமீ

படம் 4 பூங்கொத்தியே இல்லை. அலகு நீளம், கீழே வளைந்திருக்கிறது, தொண்டை வெளுப்பு, வயிற்றில் மஞ்சள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெட்டை, தேனுக்கு வந்திருக்கிறது.